பதினோரு பேரும் ஒரு சீனியும்

ராமநாதபுரம் ஸ்டேஷனில் காலை ஆறரைக்கு
பதினோரு பேரும் வரிசையாய் நின்று
"வணக்கம் ஓட்டுநர் அவர்களே" என்றார்கள்.
இருபத்திரண்டு வருஷமாய் வண்டி ஓட்டுகிறேன்,
'அவர்களே' இதுதான் முதல்.

பெய்ஜிங்கில் தமிழ் படிக்கிற பிள்ளைகள்.
வாத்தியார் வைத்த பேர் ஆளுக்கொன்று:
பொழிலன், மாறன், கயல், குறிஞ்சி...
கயலுக்கு மீன் ஆகாதாம், உடம்பு தடித்துவிடுமாம்.
என் பேரைக் கேட்டார்கள்.
சீனி ஆப்தீன் என்றேன்.
வண்டிக்குள் ஒரே கூச்சல்.
"ஐயா, உங்கள் பெயரில் எங்கள் நாடு உள்ளதே!"
எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு சீனி உண்டு தம்பி,
துபாய் போன சீனி உண்டு,
சீனா போன சீனி இல்லை.

பெரியபட்டினத்தில்
எந்தக் காலத்திலோ தோண்டியபோது
உங்கள் ஊர்ப் பீங்கான் கிடைத்ததாம் என்று
வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.
கருவேல முள்ளுக்குள் குனிந்தவர்கள்
முக்கால் மணி நேரம் நிமிரவில்லை.
பொழிலன் ஒரு சில்லோடு ஓடிவந்தான்,
ஓரத்தில் நீலக் கோடு.
திருப்பிப் பார்த்தேன்.
கைகழுவும் பேசின். கம்பெனிப் பேரில் பாதி இருந்தது.
சொல்ல மனசு வரவில்லை.
பழசுதான் என்றேன்.
கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தான்.
இப்போது எந்த மேஜையில் இருக்கிறதோ.

ஏர்வாடிக்குக் கீழே, வெயில் ஏறிய நேரம்,
பாசிக்குப் போன பெண்கள் கரையேறிக்கொண்டிருந்தார்கள்.
விரல் விரலாய்த் துணிச்சுற்று,
சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை,
காலில் தகடு கட்டிய செருப்பு.
பத்து போன்கள் ஒரே சமயம் உயர்ந்தன.

குறிஞ்சி மட்டும் எடுக்கவில்லை.
முழங்கால் தண்ணீர்வரை போய்
"உண்டீர்களா?" என்றாள்.

"உண்டியலா? எந்தக் கோயிலுக்கு?"
சேதுபாக்கியம் அக்கா என்னைப் பார்த்தது.
சாப்பிட்டியான்னு கேக்குதுக்கா.
அக்கா கண்ணாடியைக் கழற்றி
அவளை மறுபடி பார்த்தது.
"இன்னும் இல்லத்தா."

சாக்கிலிருந்து கஞ்சிப்பாசி ஒரு கொத்து எடுத்து
வாயில் போட்டுவிட்டாள் பிள்ளை.
"ஏத்தா, துப்பு! கம்பெனிக்குப் போறது அது!"
அவள் மென்றுகொண்டே சொன்னாள்:
"எங்கள் ஊர் குய்சோவில், மலைமேல்.
கடல் எங்களுக்குக் காய்ந்துதான் வரும்,
கட்டுக்கட்டாக.
அம்மா ஊறவைத்துப் பூண்டு சேர்ப்பாள்.
ஈரமாக இன்றுதான் பார்க்கிறேன்."

அக்காவுக்குக் கிலோ விலை தெரியும்,
எந்தப் பாறையில் எந்த மாதம் என்று தெரியும்.
முப்பது வருஷத்தில் வாயில் வைத்ததில்லை.
ஒரு துண்டு கிள்ளிக் கடித்தது.
மற்றவர்கள் அதன் முகத்தையே பார்த்தார்கள்.
"நறுக்கு நறுக்குன்னு இருக்கு.
புளி ஊத்துனாத்தான் தெரியும்"

என்றபடி ஒரு பை நிறைய அள்ளிக் கொடுத்தது.

திரும்பும்போது முன்சீட்டில் உட்கார்ந்தாள்.
டேஷ்போர்டில் காகிதம் விரித்துப்
பாசியைக் காயப்போட்டாள்.

"எங்கள் ஊருக்கும் பேருந்து வரும் ஐயா.
நகரத்து மாணவர்கள், தொப்பி போட்டு.
மலையில் படிபடியாக வயல், அதைப் பார்க்க.
அம்மா குனிந்து நாற்று நடும்போது
படம் எடுப்பார்கள்.
எத்தனையோ வீடுகளில்
அம்மாவின் முதுகு இருக்கும்."

கியரை மாற்றினேன்.
மாற்ற வேண்டிய இடமில்லை அது.

கீழக்கரையில் டீக்கு நிறுத்தினோம்.
"சீனி எவ்வளவு?" என்று கடைக்காரர் கேட்டதும்
பதினோரு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ரயில் போய்விட்டது.
பாசியைச் சுருட்டி எடுத்துப்போயிருந்தாள்,
காகிதத்தையும்.

மறுநாள் தர்காவுக்குப் போன சவாரியில்
ஒரு சின்னப் பையன்,
"டேஷ்போர்டுல என்ன மாமா வெள்ளை வெள்ளையா?"
சீனி என்றேன்.
விரலால் தொட்டு நக்கிவிட்டு
ஜன்னல் வழியே காறித் துப்பினான்.